40 மி.மீ. தாழ்த்துவதற்கு முன்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். 2009ஆம் ஆண்டு ஆடி டிடி கூப்பே, 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 71,000 கிலோமீட்டர் ஓடியது, போன வருடம் கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. வீடு சென்னைப் பெருங்குடியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங். வார நாட்களில் பழைய மாமல்லபுரம் சாலை, ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை. 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட விரும்புகிறீர்கள். ஐபாக் நிறுவனத்தின் ஸ்பிரிங் வாங்குவதா, ஹெச் அண்ட் ஆர் நிறுவனத்தினுடையதா என்று கேட்கிறீர்கள். ஷாக் அப்சார்பரில் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) எண்ணெய் ஒழுகவில்லை, ஆகவே அதை மாற்றப்போவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: வேகத்தடையை இறங்கியதும் முன்பக்கம் இரண்டு முறை ஆடிவிட்டுத்தான் நிற்கிறது, வளைவில் கார் சாய்ந்து கொடுக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக் காணொளிகளில் கயிறு பிடித்தாற்போல வளைகிற அதே கார் உங்கள் கையில் மட்டும் ஏன் தொளதொளவென்று இருக்கிறது?

சஸ்பென்ஷன், அதாவது காரைச் சக்கரங்களின் மேல் தாங்கும் அமைப்பு, அந்த வேலையில் எனக்கு 23 ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு ஆண்டுகள் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போகும் கார்களைத் தயார் செய்யும் குழுவில் இருந்தேன். அதன் பிறகு அம்பத்தூரில் சாலைக் கார்கள்தான். உங்கள் காரை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வதில் எது எல்லா காருக்கும் பொருந்தும், எது உங்கள் காரைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். மேட்டை இறங்கிய பின் இரண்டாவது முறை ஆடுகிறது என்றால் ஷாக் அப்சார்பர் தன் வேலையைச் செய்யவில்லை. எண்ணெய் ஒழுகாமலேயே ஷாக் செத்துப்போகும். உள்ளே இருக்கும் வால்வுத் தகடுகள் தளர்ந்திருக்கும், வாயு அழுத்தம் குறைந்திருக்கும், எண்ணெய் நீர்த்திருக்கும். வெளியே பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். நம் ஊர் வெயிலில் இத்தனை ஆண்டுகள் இருந்த ஷாக்கை, ஒழுகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்லது என்று நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

அந்த ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கைப் போட்டால் என்ன ஆகும்? தாழ்த்தும் ஸ்பிரிங் நீளம் குறைந்தது மட்டுமன்றி கடினமும் கூடியது. சக்கரம் மேலேறக் கிடைக்கும் இடம் குறைந்துவிடுவதால் அப்படிச் செய்தாக வேண்டும். கடினம் 30 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், கார் மேலும் கீழும் ஆடும் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும். அந்த ஆட்டத்தை அடக்க அதே ஷாக்குக்கு இருக்கும் திறன் ஒப்பளவில் சுமார் 12 சதவீதம் குறையும். இரண்டும் ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தவை என்பதால் இந்தக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை. புது ஷாக்காக இருந்தால் அந்தப் 12 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே பாதித் திறனை இழந்த ஷாக்குக்கு அது கடைசி அடி. இப்படி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிய ஒரு கூப்பே, நான்கே மாதத்தில் முன் ஷாக் இரண்டும் போய், ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிணைக்கும் பாகம்) ரப்பர் கிழிந்து என்னிடம் வந்தது. அந்த நண்பர் ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுத்தார்.

அடுத்தது 40 என்ற அந்த எண். சென்னையில் இதை ஜெர்மனிக்காரர் யோசிக்கிற மாதிரி யோசிக்க முடியாது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைப் பொறியாளர்களின் அமைப்பு) 1988இல் வகுத்த விதி ஒன்று உண்டு: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. உங்கள் காரின் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 2,468 மி.மீ. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், விதிப்படி கட்டிய வேகத்தடை காரின் வயிற்றுப் பகுதியில் அதிகபட்சம் 4.5 செ.மீ. தான் எழும்பி வரும். எவ்வளவு தாழ்த்திய காரும் மெதுவாகப் போனால் தாண்டிவிடும். ஆனால் நம் தெருக்களில் அப்படி எத்தனை இருக்கின்றன? குடியிருப்போர் சேர்ந்து ஒரே இரவில் கொட்டிய, இரண்டு அடி அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட மேடுகள்தான் அதிகம். அங்கே முன் சக்கரங்கள் தாண்டிச் சமதளத்தில் நிற்கும், பின் சக்கரங்கள் இன்னும் ஏறியிருக்காது, மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு அடியில் வந்து நிற்கும். அந்த இடத்தில் எஞ்சின் எண்ணெய்த் தட்டு தப்புமா, தாரில் உரசுமா என்பதை அந்த 40 மி.மீ. தீர்மானித்துவிடும்.

உங்கள் பார்க்கிங் சரிவையும் அளந்து பாருங்கள். 8 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு, மேலே வளைவில்லாமல் கூர்மையாக முடிந்தால், உங்கள் காருக்கு அந்த முனையில் மட்டும் கிட்டத்தட்ட 7.7 செ.மீ. இடைவெளி தேவை. 6 அடிக்கு 1 அடி என்றால் 10 செ.மீ.யைத் தாண்டும். பல குடியிருப்புகளில் கட்டுநர் இடத்தை மிச்சப்படுத்தச் சரிவைச் செங்குத்தாக்கி வைத்திருப்பார். ஒரு ரசமட்டப் பலகையும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் செலவிட்டால் போதும். ஸ்பிரிங் விலையோடு ஒப்பிட்டால் இந்த அளவு இலவசம்.

வெளித் தடைகளைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் இடம்: சக்கரம் மேலேறும்போது பம்ப் ஸ்டாப்பை (அதற்கு மேல் ஏறவிடாமல் தடுக்கும் ரப்பர் துண்டு) தொடுவதற்கு முன் எத்தனை மி.மீ. மிச்சம் இருக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஷாக்கின் பளபளப்பான தண்டின் மேல் இருக்கும் தூசு உறையைத் தூக்கிவிட்டு, மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றைத் தண்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டி, ஷாக்கின் உடம்புக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிடுங்கள். நான்கு சக்கரத்திலும் இப்படிச் செய்து, நீங்கள் தினமும் போகும் பாதையில், மெட்ரோ பணிக்காகத் தோண்டிய பகுதிகளும் உட்பட, ஒரு வாரம் ஓட்டுங்கள். ஷாக் அமுங்கும்போதெல்லாம் உடம்பு டேகை மேலே தள்ளிவிடும். கீழே இறங்கினாலும் டேக் அங்கேயே நிற்கும். வார முடிவில் டேகுக்கும் பம்ப் ஸ்டாப்பின் அடிக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் காருக்கு உண்மையில் மிச்சமிருக்கும் சொத்து. முன்பக்கம் 22 மி.மீ. மிச்சம் என்று வந்தால், 40 மி.மீ. தாழ்த்திய பின் கார் பெரிய பள்ளங்களில் பம்ப் ஸ்டாப்பின் மேல்தான் உட்காரும். அப்போது ஸ்பிரிங் எந்த நிறுவனத்துடையது என்பதற்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் அந்தக் கணத்தில் காரைத் தாங்குவது ஒரு ரப்பர் துண்டு. புது ஸ்பிரிங்கின் கூடுதல் கடினம் கொஞ்சம் ஈடுகட்டும், முழுவதுமாக ஈடுகட்டாது. பந்தயத் தடத்தில் நாங்கள் இதே அளவை ஒவ்வொரு பயிற்சி ஓட்டத்துக்குப் பின்னும் எடுப்போம். சாலைக் காருக்கு யாரும் எடுப்பதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

தாழ்த்தினால் சாய்வு தானாகக் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். இது பாதி உண்மை. உங்கள் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. காரை இறக்கும்போது கீழ் ஆர்மின் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) வெளிமுனை உள்முனையைவிட மேலே போகத் தொடங்கும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையம் இறங்குவதைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடினால் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது என்று பொருள். ஸ்பிரிங்கின் கடினம் அந்த இழப்பை ஈடுகட்டுவதால்தான் 20, 25 மி.மீ. வரை மொத்தத்தில் லாபம் தெரிகிறது. அதற்கு மேல் போகப்போக லாபம் கரையும், ஸ்டீரிங் ராடின் கோணம் மாறிப் பள்ளத்தில் ஸ்டீரிங் தானே இழுக்கும் பழக்கமும் சேரும். சரியாக எத்தனை மி.மீ.யில் லாபம் நஷ்டமாகும் என்பது காருக்குக் கார் மாறும். 25 என்பது நான் செய்த கார்களில் கண்டது, அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் செலவைத் தாழ்த்துவதற்குச் செய்ய மாட்டேன். இந்த வயதில் ரப்பர் எல்லாம் இறுகியிருக்கும். கீழ் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷை (இணைப்பில் இருக்கும் ரப்பர்) டார்ச் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் வெடிப்பு தெரியும். ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங், ஆன்டி ரோல் பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் இரும்புத் தண்டு) லிங்க் ராட், பால் ஜாயிண்ட் எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2016 என்று இருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 20ஆவது வாரம். குறைவாக ஓடிய கூப்பேக்களில் டயரின் பூ அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் மரக்கட்டை ஆகியிருக்கும். வளைவில் கார் கைவிடுவதற்கு இதுவே போதுமான காரணம். புஷ், மவுண்ட், ஷாக், டயர் நான்கும் புதிதான பின் அதே பழைய உயரத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் அந்த ஒரு மாதத்துக்குப் பின் தாழ்த்தும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள்.

விடாதவர்களுக்காக இனி. முதலில் உங்கள் காரில் எந்த சஸ்பென்ஷன் வந்தது என்று பாருங்கள். டிக்கியின் அடியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதற்கான குறியீடு இருக்கும். ஸ்பிரிங் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண் சாதாரண சஸ்பென்ஷனிலிருந்து அளந்தது. உங்களுடையது ஏற்கெனவே தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் வகை என்றால் அவ்வளவு இறங்காது. மேக்னடிக் ரைடு வகையாக இருந்தால் கதையே வேறு. அந்த ஷாக்குக்குள் இரும்புத் துகள் கலந்த எண்ணெய் இருக்கிறது, மின்சாரத்தால் காந்தப்புலம் உண்டாக்கி அதன் பாகுத்தன்மையை மாற்றுகிறார்கள். அதற்கென்றே செய்த ஸ்பிரிங் வேண்டும், சாதாரண ஷாக்கை அங்கே மாட்டினால் கட்டுப்பாட்டுக் கணினி எச்சரிக்கை விளக்கை எரிய விடும். உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவு வரை அளங்கள். டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் குறுக்கே வராது, பழைய ஸ்பிரிங் எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும்.

நீங்கள் பெயர் சொன்ன இரண்டு நிறுவனங்களும் ஜெர்மனியைச் சேர்ந்தவை, இரண்டின் ஸ்பிரிங்கும் நம்பத் தகுந்தவை. எது மென்மை, எது கடினம் என்று நிறுவனத்தை வைத்துச் சொல்வதைவிட, உங்கள் எஞ்சினுக்கும் முன் அச்சு எடைக்கும் உரிய பாக எண்ணைச் சரிபார்ப்பது பயனுள்ளது. 2.0 லிட்டருக்கும் 3.2 லிட்டர் வி6 எஞ்சினுக்கும் முன்பக்க எடை வேறு. குறைவாகத் தாழ்த்தும் வகையை, 20 முதல் 25 மி.மீ. வரை, தேர்ந்தெடுங்கள். ஷாக்கில் பில்ஸ்டீன் நிறுவனத்துடையதை எடுத்தால் பி4 என்பது அசல் ஷாக்குக்கு நிகரானது, பி6 அசல் உயரத்துக்கான கடினமான வகை, பி8 தாழ்த்தும் ஸ்பிரிங்குக்காகவே குட்டையாகச் செய்தது. உயரத்தை மாற்றவில்லை என்றால் பி6, தாழ்த்துகிறீர்கள் என்றால் பி8. கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஷாக்கில் திரும்பி விரியும் விசையை மட்டும் திருகி மாற்றலாம். மழைக்காலத்தில் சாலை கிழிந்து கிடக்கும்போது கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ள அது உதவும். உயரத்தை மாற்றும் காயில் ஓவர் வகையைக் கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருப்பவருக்கு நான் தயங்கித்தான் சொல்வேன். உப்புக் காற்றில் அந்த மரை இரண்டு ஆண்டில் இறுகிவிடுகிறது, பிறகு எந்த உயரத்தில் நின்றதோ அதுதான் உயரம்.

புதுப்பேட்டை உதிரிப் பாகக் கடைகளில் அசல் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம். வெட்டிய முனை தன் தாங்கியில் தட்டையாகப் பொருந்தி உட்காராது, வாயு விளக்கில் சூடாக்கி வெட்டியிருந்தால் எஃகின் பதமும் போய்விடும். சுற்றுகளுக்கு இடையே ரப்பர் வளையம் செருகுவதும் இதே மாதிரி தவறுதான், திசை மட்டும் வேறு.

மாட்டும் வேலையில் ஒன்றை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் இரும்போடு ஒட்டியது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் அதற்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கினால் கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒரு வருடத்தில் கிழியும். கீழே ஜாக் கொடுத்து, புது உயரத்துக்கு ஆர்மைத் தூக்கி, அப்புறம்தான் இறுக்க வேண்டும். காரை இறக்கும்போது பழைய புஷ்களையும் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும் என்பது இதே காரணத்தால். முன் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் போல்ட் உட்படப் பல போல்ட்டுகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியவை. பழையதையே மாட்டுவேன் என்று சொல்லும் பணிமனையில் காரை விடாதீர்கள்.

அதன் பின் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. ஓரிரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு செய்யுங்கள். பின்பக்கம் கேம்பரையும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) டோவையும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பும் கோணம்) தனித்தனி போல்ட்டில் சரிசெய்ய முடியும், ஆகவே பின் டயர் உள்விளிம்பு தேய்ந்தால் அது அலைன்மென்ட் செய்தவரின் அலட்சியம். விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. ஸீனான் முகப்பு விளக்கு இருந்தால் அதன் சாய்வை அறியும் சென்சார் சஸ்பென்ஷன் ஆர்மில்தான் மாட்டியிருக்கிறது. உயரம் மாறிய பின் அடிப்படை அளவை மறுபடியும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எதிரே வருபவரின் கண் கூசினால் அது விபத்துக்கு வழி.

சாய்வுதான் பெரிய குறை என்றால் பின்பக்க ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்குவது ஸ்பிரிங்கைவிடக் குறைந்த செலவில் பலன் தரும், முன்பக்கம் நழுவும் குணமும் குறையும். ஆனால் ஒரு படிதான் கூட்ட வேண்டும். இதே டிடியின் முதல் தலைமுறைக் கார்கள் அதிவேகத்தில் பின்பக்கம் நிலைதடுமாறி விபத்துக்குள்ளானதை அடுத்து, 1999 இறுதியிலிருந்து ஆடி நிறுவனம் பின் சிறகும் ஈஎஸ்பியும் (கார் நிலைதடுமாறும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு அமைப்பு) சேர்த்து சஸ்பென்ஷனையும் மாற்றியது. இந்தக் குடும்பத்துக் காரில் பின்பக்கத்தின் நிதானம் அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது. மழையில் கடற்கரைச் சாலையில் போகும் காரில் அதைக் கலைத்துவிடாதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஸ்பிரிங்கின் உயரம் சான்றிதழில் எழுதப்படும் விவரம் இல்லை, ஆகவே 20 மி.மீ. இறக்கத்தை ஆய்வாளர் எப்படிப் பார்ப்பார் என்பது அவரவர் முடிவு. நான் வழக்கறிஞர் இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். 15 ஆண்டுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கும்போது காரை நேரில் காட்ட வேண்டியிருக்கும், அடுத்த புதுப்பிப்பும் ஐந்தே ஆண்டில் வந்துவிடும். அசல் ஸ்பிரிங்குகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, எது எந்தச் சக்கரத்துடையது என்று எழுதி வீட்டில் வையுங்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். டேக் கட்டி ஒரு வாரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் மிச்ச அளவையும், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரையிலான நான்கு உயரத்தையும், பார்க்கிங் சரிவின் அளவையும் இங்கேயே எழுதுங்கள். அந்த ஒன்பது எண்களைப் பார்த்தால் 20ஆ, 25ஆ, அல்லது உயரத்தைத் தொடவே கூடாதா என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன்.